ஷேர்பாயிண்ட் ஆன்லைன்: ராஜாஜி சாலை கிளியரிங் ஆபீசுக்குச் சரிப்பட்டு வருமா?

கஸ்டம் ஹவுஸைச் சுற்றி, ராஜாஜி சாலையில் தொடங்கி தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, மூர் தெரு வரை இருக்கிற, சரக்குக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்சிகளில் ஃபைல் வைக்கும் முறை பெரும்பாலும் ஒரே ஜாடைதான். மூலையில் ஒரு பழைய பிசி, அதற்கு சர்வர் என்று பெயர். அதிலுள்ள ஷேர்டு டிரைவில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பார்ட்டி பெயரில் ஒன்று, அதற்குள் ஜாப் நம்பரில் ஒன்று (ஒரு சரக்கு வேலை ஒரு ஜாப்). இதெல்லாம் பேருக்கு. பாதி பேப்பர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, வந்த போனிலேயே தங்கியும் விடுகிறது. "தம்பி, அந்த சிங்கப்பூர் ஜாப் பேக்கிங் லிஸ்ட் எங்க?" என்று கேட்டால், "மணலி யார்டுக்குப் போன அண்ணன் போன்ல இருக்கு சார்" என்று பதில் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையைத் தண்ணீரில் நிறுத்திய பிறகு, தரைத்தளத்தில் சர்வர் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 365 விற்க வருகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "கிளவுடு சார், தண்ணி வந்தா கவலையே இல்ல". அது உண்மை. ஆனால் அவர்கள் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அந்த 365-க்குள் ஆபீஸ் ஃபைல்களை இணையத்தில் வைக்கும் பகுதிதான் ஷேர்பாயிண்ட். தண்ணீரிலிருந்து ஃபைலைக் காப்பாற்றும் அது, நம் ஆட்களிடமிருந்து தானாகக் காப்பாற்றாது. வாங்கிய அன்று அது வரும் அமைப்பில், கிட்டத்தட்ட எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து மூட வேண்டும்.

இருபதிலிருந்து எண்பது பேர் வரை வேலை பார்க்கும் கிளியரிங், ஃபார்வர்டிங், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) ஆபீஸ்களை மனதில் வைத்து எழுதிய விமர்சனம் இது. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. ஆபீசில் ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அட்மின் வேலையைக் கொடுத்தால் நாலரை. "வெண்டர் பார்த்துப்பார்" என்று விட்டால் இரண்டு.

இடம் போதுமா?

முதலில் எல்லாரும் கேட்பது இதைத்தான், உண்மையில் பிரச்சினையே இல்லாததும் இதுதான். ஷேர்பாயிண்டுக்கு மொத்த ஆபீசுக்கும் சேர்த்து 1 டி.பி. கிடைக்கும், அதோடு லைசென்ஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் 10 ஜி.பி. கூடுதல். நாற்பது பேர் என்றால் சுமார் 1.4 டி.பி. ஒவ்வொருவரின் சொந்த ஃபைல் இடமான ஒன்டிரைவ் இதில் சேராது, அது தனி.

ஒரு நாளைக்கு 40 ஜாப், ஜாப்புக்கு 8 பேப்பர் என்று வையுங்கள்: பி.எல். (பில் ஆஃப் லேடிங்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், செக்லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்), ஓ.ஓ.சி. (கஸ்டம்ஸ் விடுவிப்பு உத்தரவு) காப்பி, டி.ஓ. (டெலிவரி ஆர்டர்), போக்குவரத்து பில். 320 ஃபைல். ஒன்று 1 எம்.பி. என்றால் நாளைக்கு 320 எம்.பி., 300 வேலை நாளுக்கு 96 ஜி.பி. பத்து வருடப் பேப்பர் தாராளமாக உட்காரும். கலரில் 600 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கறுப்பு வெள்ளையில் 200 அல்லது 300 போதும், சீல் படிக்க முடிந்தால் சரி.

இடத்தைத் தின்பது ஸ்கேன் பேப்பர் அல்ல, எக்செல்தான். பழைய இயல்பு அமைப்பில் ஒரு ஃபைலுக்கு 500 வெர்ஷன், அதாவது பழைய பிரதி, வரை சேமித்து வைக்கும், ஒவ்வொரு வெர்ஷனும் அதன் முழு அளவுக்கு இடக் கணக்கில் ஏறும். எல்லாரும் நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் ஜாப் ரெஜிஸ்டர் 4 எம்.பி. என்றால், ஆட்டோசேவ் ஓடி ஓடி 500 வெர்ஷன் சேர்ந்ததும் அந்த ஒரு ஃபைல் மட்டும் 2 ஜி.பி. ஷேர்பாயிண்ட் அட்மின் சென்டரில் செட்டிங்ஸ் பக்கத்தில் வெர்ஷன் வரம்பை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றலாம். புதிய வெர்ஷன்களை அப்படியே வைத்து, நாளாக நாளாகப் பழையவற்றை இடைவெளி விட்டுக் கழித்துக்கொண்டு வரும். ஒரு எச்சரிக்கை: இந்த மாற்றம் இனி உருவாகும் லைப்ரரிகளுக்குத்தான் (ஷேர்பாயிண்டில் ஃபைல் வைக்கும் இடத்துக்கு லைப்ரரி என்று பெயர்). ஏற்கெனவே ஊதிப்போனதைக் குறைக்க பவர்ஷெல்லில் (கட்டளை அடித்து இயக்கும் கருவி) தனி வேலை ஓட்ட வேண்டும், அப்படிக் கழித்த வெர்ஷன் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராக அழிந்துவிடும். ஆகவே இதை முதல் நாளே செய்யுங்கள்.

பிசினஸ் வரிசைத் திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் 300 பேர் உச்சவரம்பு. அதற்கு மேல் ஆள் உள்ளவர்கள் என்டர்பிரைஸ் வரிசைக்குப் போக வேண்டும், விலையும் ஏறும்.

சைட் எத்தனை, கதவு எங்கே

பழைய சர்வரில் இருந்த ஃபோல்டர் மரத்தை அப்படியே பெயர்த்து ஒரே சைட்டில் (லைப்ரரிகளை அடக்கிய ஷேர்பாயிண்ட் தளம்) நட்டு, பிறகு ஃபோல்டர் ஃபோல்டராகப் பர்மிஷன் போட ஆரம்பிப்பதுதான் எல்லா ஆபீசும் செய்யும் முதல் தவறு. "அக்கவுண்ட்ஸ் ஃபோல்டர் கணக்குப் பிரிவுக்கு மட்டும், அதுக்குள்ள சம்பள ஃபோல்டர் ரெண்டு பேருக்கு மட்டும், கே.ஒய்.சி. ஃபோல்டர் இன்னும் மூணு பேருக்கு." ஆறே மாதத்தில் யாருக்கு எது தெரிகிறது என்று முதலாளிக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

ஷேர்பாயிண்டில் பர்மிஷன் மேலிருந்து கீழே வழியும்: சைட், அதற்குள் லைப்ரரி, ஃபோல்டர், ஃபைல். நடுவில் ஒரு இடத்தில் வெட்டினால் அந்த இடம் தனித் தீவு. மேலே ஆள் சேர்த்தால் தீவுக்குப் போகாது, மேலே ஆளை எடுத்தாலும் தீவில் அப்படியே இருப்பார். இரண்டாவதுதான் ஆபத்து. பிரிவு மாறிப் போனவர் பழைய ரேட் ஷீட்டை இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது இப்படித்தான். ஒரு லைப்ரரியில் இப்படித் தனிப் பர்மிஷன் 50,000 வரை தாங்கும், 5,000க்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது மைக்ரோசாஃப்டின் அளவுக் குறிப்பு. நம் ஆபீசுக்கு சரியான எண் என்ன? பூஜ்யம்.

அதற்கு வழி, பிரிக்க வேண்டியதைச் சைட் மட்டத்திலேயே பிரித்துவிடுவது. கிளியரிங் ஆபீசுக்கு நாலு சைட் போதும்: ஆபரேஷன்ஸ், கணக்கு, கே.ஒய்.சி., நிர்வாகம். கே.ஒய்.சி.யைத் தனியாக வைக்கச் சொல்வதில் காரணம் உண்டு. இம்போர்ட்டரின் பான், ஆதார், கையெழுத்து மாதிரி எல்லாம் அதில்தான் கிடக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, அது எல்லாப் பையன்களும் திறக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு சைட்டிலும் ஓனர், மெம்பர், விசிட்டர் என்று மூன்று குழு. ஆட்களின் பெயரை நேராக அதில் சேர்க்காமல், மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் 'டாக்குமெண்டேஷன்', 'டாக் ஸ்டாஃப்', 'அக்கவுண்ட்ஸ்' என்று செக்யூரிட்டி குரூப் உருவாக்கி, அந்தக் குரூப்பைச் சேர்த்துவிடுங்கள். ஆள் மாறினால் ஒரே இடத்தில் கை வைத்தால் போதும்.

இப்போது பலரும் கவனிக்காத ஒன்று. மெம்பர் குழுவுக்கு இயல்பாகக் கிடைப்பது 'எடிட்' என்ற மட்டம். பெயரைப் பார்த்தால் ஃபைலைத் திருத்தும் உரிமை மாதிரி இருக்கும். ஆனால் அதில் லைப்ரரியையே உருவாக்கவும் அழிக்கவும் உரிமை இருக்கிறது. நேற்று சேர்ந்த பையன் ஒரு கிளிக்கில் 'இறக்குமதி 25-26' லைப்ரரியை மொத்தமாக ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பிவிடலாம். சைட் பர்மிஷன் பக்கத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், மெம்பர் குழுவை 'கான்ட்ரிபியூட்' மட்டத்துக்கு மாற்றுங்கள். ஃபைல் போடலாம், திருத்தலாம், லைப்ரரியைத் தொட முடியாது. ஃபைலையும் அழிக்கக் கூடாது என்றால், கான்ட்ரிபியூட்டை நகல் எடுத்து அதில் அழிக்கும் உரிமையை மட்டும் டிக் நீக்கிப் புது மட்டம் உருவாக்கலாம். அப்போது ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தவும் முடியாமல் போகும், ஏனென்றால் நகர்த்துவது பழைய இடத்தில் அழிப்பதும்தான். கே.ஒய்.சி. சைட்டுக்கு இது சரி. தினசரி ஜாப் ஓடும் இடத்தில் இதைப் போட்டால் நாள் முழுக்க உங்களுக்குத்தான் போன் வரும்.

அதே பக்கத்தில் 'மெம்பர்கள் எப்படிப் பகிரலாம்' என்றும் ஒரு அமைப்பு இருக்கிறது. மூன்று தேர்வு. நடுவில் உள்ளதை எடுங்கள்: ஃபைலையும் ஃபோல்டரையும் மெம்பர் பகிரலாம், சைட்டைப் பகிர ஓனரால் மட்டுமே முடியும். கே.ஒய்.சி.க்கும் கணக்குக்கும் மூன்றாவது, அதாவது எல்லாமே ஓனர் வழியாக.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் தீவுகள் முளைக்கும். ஒரு ஃபோல்டரில் 'ஷேர்' அழுத்தி ஒருவர் பெயர் போட்டாலே பர்மிஷன் அங்கே வெட்டுப்பட்டுவிடும், அழுத்தியவருக்குத் தெரியவே தெரியாது. மாதம் ஒரு முறை லைப்ரரியின் பர்மிஷன் பக்கத்தைத் திறந்தால், தனிப் பர்மிஷன் உள்ள ஐட்டங்கள் இருக்கலாம் என்று மேலே மஞ்சள் பட்டையில் காட்டும், பக்கத்திலேயே அவற்றைப் பட்டியலிடும் லிங்க்கும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையற்றதை 'டிலீட் யுனீக் பர்மிஷன்ஸ்' கொடுத்து மேலே உள்ளதோடு ஒட்டிவிடலாம். மைக்ரோசாஃப்டின் ஏ.ஐ. உதவியாளரான கோபைலட் வாங்கும் யோசனை உள்ளவர்கள் அதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். கேட்கிறவருக்குத் திறக்க உரிமை உள்ள எல்லாவற்றிலும் அது தேடும். இதுவரை யார் கண்ணிலும் படாமல் திறந்து கிடந்த சம்பளப் பட்டியல் அன்றைக்குப் பதிலாக வந்து நிற்கும்.

ஐயாயிரம் என்ற சுவர்

ஒரு லைப்ரரியில் 3 கோடி ஃபைல் வரை வைக்கலாம். ஆனால் ஒரு வியூ (ஃபைல் பட்டியலைக் காட்டும் திரை) ஒரே நேரத்தில் அலசக்கூடியது 5,000தான். ஆன்லைனில் இந்த எண்ணை எந்த அட்மினாலும் மாற்ற முடியாது. மேலே போட்ட கணக்கில் நாளைக்கு 320 ஃபைல் என்றால், பதினாறாவது வேலை நாளே ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். சும்மா கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டு போனால் பிரச்சினை எதுவும் தெரியாது. பார்ட்டி பெயரில் ஃபில்டர் போட்டால், அல்லது தேதிப்படி வரிசைப்படுத்தினால், அப்போதுதான் முடியாது என்று நிற்கும். "போன மாசம் நல்லாத்தானே ஓடிச்சு" என்ற புகாரின் மூலம் இதுதான்.

தீர்வு இன்டெக்ஸ். லைப்ரரி செட்டிங்ஸில் 'இன்டெக்ஸ்டு காலம்ஸ்' என்ற இடத்தில், தேடப் பயன்படுத்தும் காலத்துக்கு (column, அதாவது பட்டியலின் நெடுவரிசை) இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, போட வேண்டும். லைப்ரரி காலியாக இருக்கும்போதே போடுங்கள், பெருத்த பிறகு போடுவது வேதனை. ஒரு லைப்ரரிக்கு 20 இன்டெக்ஸ் வரை அனுமதி, நமக்கு நாலு போதும்.

கிளியரிங் ஆபீசுக்கு வேலைக்காகும் அமைப்பு இப்படி இருக்கும். நிதியாண்டுக்கு ஒரு லைப்ரரி, இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று. காலங்கள்: ஜாப் எண் (ஒற்றை வரி எழுத்து), பார்ட்டி (சாய்ஸ், அதாவது கொடுத்த பட்டியலிலிருந்து தேர்வு), ஆவண வகை (சாய்ஸ், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி), பில் ஆஃப் என்ட்ரி எண் (ஒற்றை வரி எழுத்து), பில் தேதி. ஏன் ஒற்றை வரி என்றால், பல வரி எழுத்துக் காலத்துக்கும், பல தேர்வு அனுமதிக்கும் சாய்ஸுக்கும் இன்டெக்ஸ் போட முடியாது. வியூவில் முதல் ஃபில்டராக இன்டெக்ஸ் உள்ள காலத்தை வையுங்கள், அதுவே விடையை ஐயாயிரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு நிபந்தனையை 'அல்லது' என்று இணைத்தால் இன்டெக்ஸ் இருந்தும் பலனில்லை, 'மற்றும்' என்றால்தான் வேலை செய்யும்.

அடுத்து வரும் பொறி. ஜாப் எண் போடாமல் யாரும் ஃபைல் போடக் கூடாது என்று அந்தக் காலத்தைக் கட்டாயமாக்குவீர்கள். யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் கட்டாயக் காலம் உள்ள லைப்ரரியை ஒன்டிரைவ் வழியாகக் கணினியில் சிங்க் செய்தால் (விண்டோஸ் ஃபோல்டரோடு தானாக இணைத்து வைத்தால்), அது படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். 'செக்அவுட் கட்டாயம்' (திருத்தும் முன் ஃபைலைத் தன் பெயரில் பூட்டுவது) என்று வைத்தாலும் இதே கதி. விண்டோஸ் ஃபோல்டரில் போட்டுப் பழகியவர்கள் மறுநாள் காலை "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு" என்று நிற்பார்கள்.

ஆகவே கட்டாயமாக்க வேண்டாம். 'ஜாப் எண் இல்லாதவை' என்று ஒரு வியூ உருவாக்கி, ஜாப் எண் காலியாக உள்ளவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்குமெண்டேஷன் ஆள் அதைத் திறந்து 'எடிட் இன் கிரிட் வியூ' அழுத்தினால் எக்செல் மாதிரி கட்டம் விரியும். முதல் வரியில் ஜாப் எண் அடித்து, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எட்டு பேப்பருக்கும் ஒரே எண் ஏறிவிடும். நாற்பது ஜாப்புக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்த ஒரு வியூவுக்காகவே இந்தப் பொருளுக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம்.

வெளி ஆட்களுக்குக் கதவு

லாரி ஓனர், வேர்ஹவுஸ், இம்போர்ட்டரின் ஆடிட்டர் என்று வெளி ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது இந்தத் தொழிலின் இயல்பு. பகிர்வில் நாலு மட்டம்: யாருக்கும்; புதிய கெஸ்டும் பழைய கெஸ்டும்; பழைய கெஸ்ட் மட்டும்; ஆபீசுக்குள் மட்டும். கெஸ்ட் என்றால் அடையாளம் காட்டி உள்ளே வரும் வெளி ஆள். ஒரு சைட்டின் மட்டம் மொத்த ஆபீஸின் மட்டத்தைத் தாண்டித் தளர்வாக இருக்க முடியாது, இறுக்கமாக இருக்கலாம். 'யாருக்கும்' லிங்க் என்றால் அது யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், வாட்ஸ்அப் குரூப்பில் ஒருமுறை ஃபார்வர்டு ஆனால் போதும்.

மொத்த ஆபீசுக்குப் 'புதிய கெஸ்டும் பழைய கெஸ்டும்', கே.ஒய்.சி.க்கும் நிர்வாகத்துக்கும் 'ஆபீசுக்குள் மட்டும்'. இயல்பு லிங்க் வகை 'குறிப்பிட்ட நபர்கள்', இயல்பு உரிமை 'பார்க்க மட்டும்'. இதைச் செய்தால் வரும் நஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒன்டிரைவில் 'ரிக்வெஸ்ட் ஃபைல்ஸ்' என்று அருமையான வசதி ஒன்று உண்டு. ஒரு லிங்க் அனுப்பினால் பார்ட்டி லாகின் இல்லாமலே பேப்பரை நம் ஃபோல்டரில் போட்டுவிடலாம், அங்கே வேறு எதையும் பார்க்க முடியாது. வாட்ஸ்அப் தொல்லைக்குச் சரியான மருந்து. ஆனால் 'யாருக்கும்' லிங்க்கை மூடினால் இதுவும் மூடிக்கொள்ளும். இரண்டையும் பிரித்து வைக்காதது மைக்ரோசாஃப்டின் பக்கம் பெரிய குறை. வேண்டுமென்றால் 'யாருக்கும்' என்பதைத் திறந்து வைத்து, அந்த லிங்க்குகள் ஏழு நாளில் காலாவதியாகும்படி வைத்து, நாலு சைட்டிலும் தனித்தனியாக மட்டத்தை இறக்கிவிடலாம்.

கெஸ்ட் பட்டியல் சேர்ந்துகொண்டே போகும். கெஸ்ட் உரிமை இத்தனை நாளில் தானாக முடியட்டும் என்று ஷேர்பாயிண்ட் அட்மின் சென்டரின் ஷேரிங் பக்கத்திலேயே நாள் குறிக்கலாம். குறித்துவிடுங்கள், யாரும் நினைவு வைத்து நீக்கப்போவதில்லை.

அழிந்தால் எத்தனை நாள்

ரீசைக்கிள் பின் 93 நாள். சைட் ரீசைக்கிள் பின்னிலிருந்து அழித்தால் இரண்டாம் மட்டத்துக்குப் போகும், அங்கே சைட் அட்மின் மட்டும் எடுக்கலாம். இரண்டும் சேர்த்துத்தான் 93, தனித்தனியாக இல்லை. ரான்சம்வேர் மாதிரி மொத்தமாக நாசமானால் 'ரீஸ்டோர் திஸ் லைப்ரரி' கொடுத்து 30 நாளுக்குள் எந்த நேரத்துக்கும் லைப்ரரியைத் திருப்பலாம். நன்றாக வேலை செய்யும் வசதி. ஆனால் அந்த நேரத்துக்குப் பிறகு நல்லபடியாகச் செய்த திருத்தங்களும் சேர்ந்து பின்னால் போகும்.

கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்சிங் விதிகள் 2018இன்படி ஆவணங்களைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குக் கணக்குப் புத்தகம் 8 நிதியாண்டு. இவற்றின் முன் 93 நாள் எந்த மூலைக்கு? பர்வியூ என்ற பகுதியில் ரிடென்ஷன் பாலிசி (இத்தனை காலம் ஃபைலை வைத்திரு என்ற விதி) போட வேண்டும். அது போட்டபின் யாராவது ஃபைலை அழித்தாலும் ஒரு பிரதி 'பிரிசர்வேஷன் ஹோல்டு' என்ற மறைவான லைப்ரரியில் காலம் முடியும்வரை இருக்கும். அதுவும் நம் இடக் கணக்கில்தான் ஏறும், லைப்ரரியில் ஃபைல் இல்லை, பிடித்த இடம் மட்டும் குறையவில்லையே என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான். எல்லாத் திட்டத்திலும் இந்த வசதி கிடையாது. மலிவான திட்டத்தை வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யார் அழித்தார் என்று பார்க்க ஆடிட் பதிவு உண்டு, சாதாரணத் திட்டங்களில் 180 நாள் வரை. ஏழு மாதம் கழித்து வந்து கேட்டால் பதில் இல்லை.

வேலையை விட்டவரின் ஒன்டிரைவ் கணக்கு நீக்கிய பின் இயல்பாக 30 நாள்தான். 30இலிருந்து 3,650 நாள் வரை மாற்றலாம். அதை நம்பி இருக்காமல், கணக்கை நீக்குவதற்கு முன்பே அவர் ஒன்டிரைவில் உள்ள ஜாப் ஃபைல்களை ஆபரேஷன்ஸ் சைட்டுக்கு நகர்த்துங்கள். டீம்ஸ் சாட்டில் அவர் அனுப்பிய ஃபைலும் அவருடைய ஒன்டிரைவில்தான் குடியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

குடிபெயர்ப்பும் சிங்க்கும்

பழைய சர்வரிலிருந்து ஏற்ற மைக்ரோசாஃப்டே இலவசமாக மைக்ரேஷன் டூல் கொடுக்கிறது, தாராளமாகப் போதும். முதலில் ஸ்கேன் மட்டும் ஓட்டுங்கள். இடறும் இடம் பெரும்பாலும் பாதை நீளம்: ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து 400 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பார்ட்டியின் முழுப் பெயர், 'பிரைவேட் லிமிடெட்' உட்பட, ஒவ்வொரு மட்டத்திலும் திரும்பத் திரும்ப எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. அங்கேதான் உடையும்.

500 ஜி.பி.யை 50 எம்.பி.பி.எஸ். அப்லோடில் ஏற்றினால் காகிதக் கணக்கில் 22 மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல் என்பதால் இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்று வையுங்கள். ஜார்ஜ் டவுன் பழைய கட்டடங்களில் பகலில் லைன் படும் பாட்டுக்கு, வெள்ளி இரவு ஆரம்பித்துத் திங்கள் காலைக்குள் முடிப்பது உத்தமம். நடப்பு வருடத்தை முதலில் ஏற்றுங்கள், பழசு மெதுவாக வரட்டும்.

டேலி டேட்டா ஃபோல்டரை சிங்க் ஆகும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். திறந்திருக்கும்போதே டேலி அதில் எழுதிக்கொண்டிருக்கும், சிங்க்கும் அதைப் பிடித்து இழுக்கும், டேட்டா கெட்டுப்போகும். டேலி பேக்கப் ஃபைலை மட்டும் இரவில் கணக்கு சைட்டுக்கு அனுப்பலாம். கஸ்டம்ஸ் சாஃப்ட்வேரின் டேட்டாபேஸுக்கும் இதே விதி.

சிங்க்கில் ஒரு கணினியில் 3 லட்சம் ஃபைலைத் தாண்ட வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்டின் அறிவுரை. மேலே சொன்ன 320 கணக்கில் ஒரு வருடத்துக்கே 96,000. ஆகவே நடப்பு ஆண்டு லைப்ரரி மட்டும் சிங்க், பழையவை பிரவுசரில். 'சிங்க்' பட்டன், 'ஒன்டிரைவில் ஷார்ட்கட்' என்று இரண்டு வழி உண்டு. ஆபீஸ் முழுக்க ஏதாவது ஒன்றை மட்டும் பழக்குங்கள், ஒரே ஃபோல்டருக்கு இரண்டையும் போட்டால் குழப்பம்தான்.

டீம்ஸ் பற்றி ஒரே வார்த்தை. ஒவ்வொரு டீமுக்கும் பின்னால் ஒரு சைட் பிறக்கிறது, பிரைவேட் சேனலுக்குத் தனியாக இன்னொன்று. இயல்பு அமைப்பில் யார் வேண்டுமானாலும் டீம் உருவாக்கலாம். அதை ஒரு குழுவுக்கு மட்டும் கட்டுப்படுத்த என்ட்ரா ஐடி (மைக்ரோசாஃப்டின் பயனர் கணக்கு நிர்வாகச் சேவை) பி1 லைசென்ஸ் வேண்டும், பிசினஸ் பிரீமியத்தில் அது சேர்ந்தே வரும். பேசிக் அல்லது ஸ்டாண்டர்டு வாங்கியவர்கள், மாதம் ஒருமுறை 'ஆக்டிவ் சைட்ஸ்' பட்டியலில் 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'நியூ டீம்' என்று முளைத்திருப்பதைக் களை எடுப்பதுதான் வழி. அழித்த டீமின் குரூப்பை 30 நாளுக்குள் மீட்கலாம்.

வேறு கடை

கூகுள் ஒர்க்ஸ்பேஸின் ஷேர்டு டிரைவ் கற்றுக்கொள்ள இதைவிட எளிது, ஆனால் குப்பையில் 30 நாள்தான் இருக்கும், ஜாப் எண் மாதிரி காலம் வைத்து வியூ கட்டுவதில் ஷேர்பாயிண்டின் பக்கம் வராது. சோஹோ ஒர்க்டிரைவ் நம்ம சென்னைக்காரர்களுடையது, டீம் ஃபோல்டர் முறை சின்ன ஆபீசுக்கு உடனே புரியும். பத்துப் பேருக்குள் இருக்கும் ஆபீஸ், எக்செல்லில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்காத ஆபீஸ், ஷேர்பாயிண்டுக்குப் போகவே தேவையில்லை.

வெண்டரிடம் வாங்க வேண்டியவை

பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயத்தை நேரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். டொமைன் (ஈமெயிலில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) உங்கள் நிறுவனப் பெயரில் உங்கள் ஈமெயிலில் பதிவாகி இருக்கிறதா. சிலர் தங்கள் சொந்தக் கணக்கில் பதிவு செய்து கொடுத்துவிட்டு, பின்னால் பிணக்கு வந்தால் கையை விரிக்கிறார்கள். குளோபல் அட்மின், அதாவது எல்லா அதிகாரமும் உள்ளவர், யார் யார். ஐந்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், முதலாளியிடம் தினசரி வேலைக்குப் பயன்படாத ஒரு தனிக் கணக்கு இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருக்க வேண்டும். தினசரி நிர்வாகத்துக்கு ஷேர்பாயிண்ட் அட்மின் பொறுப்பு மட்டும் போதும்.

கடைசியாக, மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரில் செட்டிங்ஸ் கீழே 'பார்ட்னர் ரிலேஷன்ஷிப்ஸ்' பக்கம். வெண்டருக்கு உங்கள் ஆபீசுக்குள் என்னென்ன அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அங்கே வரிசையாக இருக்கும். இந்த ஒப்புதலுக்கு அதிகபட்சம் 730 நாள் ஆயுள், தானாக நீளும் தேர்வும் உண்டு. அது ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள், வெண்டரை மாற்றிய அன்றே அந்த வரியை நீக்குங்கள்.